இருபதாவது நிலா

"எந்த ஊரு நிலா ஷோபா அது? எங்க லைன்ல பதினொன்ற மணி வரிக்கும் வாசல்லயே குந்திக்கினு இருந்தேன். ஒரு மண்ணும் தெரில. உனுக்கு மட்டும் ஒம்போதரைக்கே வந்து ஆஜர் ஆயிட்ச்சா?"

"எங்க ஊட்டுக்காரரு காட்டினாரு. பாத்தேன். இன்னா இப்போ?"

"அன்னிக்கி பனியில எதிர் ஊட்டு லைட்டே தெரில. உனுக்கு நிலா தெரிஞ்சிதாம்!"

"நீ பாக்கலன்னா அது உன் தலவிதி மங்களம். நான் பாத்தேன். மஞ்சளா, உருண்டையா, மேட்டு மேல."

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி, பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் நடந்த சண்டை இது. ஷோபா என் மனைவி. மங்களம் எங்களுக்கு இரண்டு லைன் தள்ளிக் குடியிருப்பவர். சுரங்கக் கம்பெனி காலத்தில் கட்டின வீட்டு வரிசைகளைத்தான் நாங்கள் லைன் என்போம். நான் அவர்கள் சீட்டுக்கு முதுகு ஒட்டின அடுத்த சீட்டில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தேன். தூங்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. எழுந்து பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பெயர் பாபு. வயது ஐம்பத்திரண்டு. ஒயிட்பீல்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. ஷோபாவுக்கு கண்டோன்மென்ட்டில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் வேலை. பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே ரயில், ஆனால் ஒரே சீட்டில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். விடிவதற்கு முன்னால் கிளம்பி இருட்டின பிறகு திரும்புகிறோம். வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டை நாங்கள் வெயிலில் பார்ப்பதே இல்லை. இதைச் சொல்லிக் கண்ணீர் விட வரவில்லை. எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெண் மமதாவைக் கே.ஆர்.புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பிரதாப் நல்ல பையன். மமதாவுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. முதல் தடவை மூன்றாம் மாதம். இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம். அந்த இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஷோபா நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், இருபத்தொரு சங்கஷ்டி இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சங்கடஹர சதுர்த்தியைத்தான் எங்கள் பக்கம் சங்கஷ்டி என்று சொல்வோம். பௌர்ணமி முடிந்த நாலாம் நாள். பகல் முழுக்கச் சாப்பிடக் கூடாது. ராத்திரி நிலா வந்ததும் கண்ணால் பார்த்து, தண்ணீர் விட்டுக் கும்பிட்டு, அப்புறம்தான் வாயில் எதையும் வைக்கலாம். நடுவில் ஒன்று தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் திட்டினார். நானும் திட்டினேன். கேட்கவில்லை. பதினான்காவது சங்கஷ்டியில் மமதா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. அதற்கப்புறம் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. இப்போது எட்டாம் மாதம். குழந்தை உதைக்கிறது. இத்தனை தூரம் வந்ததே இந்த விரதத்தால்தான் என்று ஷோபா நம்புகிறாள். எனக்கு அந்த மாதிரி நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் நம்பிக்கையில் கை வைக்கவும் பயம்.

எங்கள் லைனில் இந்த விரதத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கிழக்கே சயனைடு மேடு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சின மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். நிலா அதைத் தாண்டித்தான் வரவேண்டும். காலண்டரில் எட்டு மணி என்று போட்டிருந்தால் எங்களுக்கு எட்டே முக்கால். அதை 'மேட்டு டைம்' என்போம். மற்ற ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது எங்கள் பெண்கள் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

போன மாதம் இருபதாவது சங்கஷ்டி. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தோம். டிசம்பர் பனி. மேட்டு டைம் முடிந்து முக்கால் மணி ஆகியும் நிலா இல்லை. ஷோபாவுக்குக் கை நடுங்கியது. இன்னொரு பக்கம் மமதா போன் மேல் போன். அம்மா சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். எட்டாம் மாதத்தை நெருங்குகிறவள் அங்கே பட்டினி, இவள் இங்கே பட்டினி. மூன்றாவது தடவை போன் வந்தபோது மேட்டின் வலது ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், மஞ்சளாக ஒன்று தெரிந்தது.

"தோ வந்துட்ச்சி பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் விட்டாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். மமதாவுக்குப் போன் செய்து சாப்பிடச் சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்தாள், நான் தோசை ஊற்றினேன்.

அப்போது கரெண்ட் போனது. மெழுகுவத்தி எடுக்க ஜன்னல் பக்கம் போன நான் மேட்டைப் பார்த்தேன். கரெண்ட்டோடு நிலாவும் போயிருந்தது.

காட்டும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் நான் திரும்பி வந்து, மெழுகுவத்தி ஏற்றி, அவளுக்கு இன்னொரு தோசை போட்டேன்.

இதுதான் நான் செய்தது. ஒரு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். போன செவ்வாய் இருபத்தொன்றாவது. கடைசி. அதுவும் செவ்வாயில் வந்த அங்காரக சங்கஷ்டி. நிலா ஒன்பது மணிக்கு என்று காலண்டரில் போட்டிருந்தது. ஒன்பதுக்கெல்லாம் எங்களை வீட்டில் சேர்க்க வேண்டிய ரயில் எட்டே காலிலிருந்து பங்காருபேட்டைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் ஒன்று போனது. இன்னொன்று போனது. ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும், சொல்ல ஆள் கிடையாது. பதினெட்டு வருஷத்தில் இப்படி நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் நான் இன்னொரு தொழில் கற்றிருப்பேன்.

ஷோபா பக்கத்தில் அமலா உட்கார்ந்திருந்தாள். ஆண்டர்சன்பேட்டைக்காரி. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. உன் மூஞ்சியே சரியில்ல. சுகர் எறங்கினா நான்தான் உன்ன தூக்கணும். எங்கிட்ட அவ்ளோ தெம்பு இல்ல."

"வேணா அமலா. இன்னும் கொஞ்ச நேரம்."

"எனுக்குப் புரியவே இல்ல. பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கி நிலாவப் பாத்தாலே ஆவாதுன்றீங்க. இன்னொரு நாள் பாத்தாதான் சோறுன்றீங்க. உங்க பிள்ளையாரு நிலாவுக்கு ஷிப்ட்டு போட்டு வெச்சிக்கிறாரா இன்னா?"

மங்களம் சிரித்தாள். ஷோபாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. இதோடு சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். மங்களம் விடுகிற ஜாதி இல்லை.

"இல்ல, நான் கேக்கறது இன்னான்னா, மேட்டு மேல எந்தப் பக்கம் பாத்த நீ?"

"வலது பக்கம். வாட்டர் டேங்க் கிட்ட."

"அங்கயா? நிலா அங்க எங்க வரும்? அது இந்தண்ட தான வரும்?"

"டிசம்பர்ல தள்ளி வரும்."

"யாரு சொன்னது?"

"எங்க ஊட்டுக்காரரு."

ஆமாம். அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

அமலாவின் குரல் மெதுவாக வந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காத. டேங்க் கிட்ட எங்க சபை ஆளுங்க கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டினு இருந்தாங்க. கம்பத்துல. ஆள் ஒசரம் பெரிசு. மஞ்ச பேப்பரு."

மங்களம் சிரிக்க ஆரம்பித்தாள். பெட்டியே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "யம்மா! ஏசு ஸ்டாருக்குத் தண்ணி ஊத்திக் கும்ட்டுக்கிறா! பிள்ளையாருக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"போமே. ஸ்டாருக்கு மூல இருக்கும். நான் பாத்தது உருண்ட."

"பனியில மூலையெல்லாம் எங்கக்கா தெரியும்" என்றாள் அமலா. பாவம், சொல்லும்போது அவளுக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"என் ஊட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. நூல் பிசகினா கண்டுபிடிக்கிற ஃபிட்டரு அவரு. ஸ்டாருக்கும் நிலாவுக்கும் வித்தியாசம் தெரியாதா?" ஷோபா முட்டியால் சீட்டின் முதுகைத் தட்டினாள். "ஏங்க! எழுந்திரிங்க! இவங்க கிட்ட சொல்லுங்க."

மங்களமும் எழுந்து சீட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அண்ணா, தூங்கற மாதிரி ஆக்ட் குடுக்காதீங்க. உங்க காது ஆடுது."

நான் எழுந்தேன். என்னோடு சீட்டாடுகிற கூட்டமும் கையில் சீட்டோடு என்னைப் பார்த்தது. ஷோபாவின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு திமிர் இருந்தது. என் புருஷன் சொல்லப் போகிறான், நீங்கள் வாயை மூடப் போகிறீர்கள் என்கிற திமிர். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியும் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை.

"ஸ்டார்தான்" என்றேன்.

"இன்னா?"

"அமலா சொல்றது சரி. ஸ்டார்தான் அது."

மங்களத்தின் சிரிப்பு நின்றது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"கரெண்ட் போனப்ப."

"நான் சாப்ட்டுக்கினு இருந்தப்பவா?"

"மூணாவது தோச."

"நாலாவது தோச நீங்கதான போட்டீங்க."

"ஷோபா, உனுக்குக் கை நடுங்கிக்கினு இருந்தது. அந்தப் பொண்ணு அங்க சாப்புடாம..."

"அந்தப் பொண்ணுக்காகத்தான இருக்கேன்! இருபது மாசம்! ஒரு நாள் உங்களால வாய மூடிக்கினு நிக்க முடியலயா? பசிச்சது எனுக்கா உங்களுக்கா?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். மணி ஒன்பதே கால். ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ரயிலில் இப்படி நின்றால் ஆட்கள் இறங்கிவிடுவது வழக்கம். இறங்கக் கூடாதுதான். அவளும் கம்பியைப் பிடித்து ஜல்லியில் இறங்கினாள். நான் பின்னாலேயே குதித்தேன். மங்களம், அமலா, சீட்டாட்டக் கூட்டம், ஒவ்வொருவராக வந்தார்கள். அடுத்த பெட்டிகளிலும் சங்கஷ்டிப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களும் பாட்டிலும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

என்ஜின் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்ததும் ரயில் மறைவு விலகிக் கிழக்கு தெரிந்தது.

நான் ஐம்பத்திரண்டு வருஷம் சயனைடு மேட்டுக்குக் கீழே வாழ்ந்தவன். நிலா என்றால் எனக்கு மேட்டு உச்சியில், வரும்போதே வெள்ளையாக, சின்னதாக வருவதுதான். அது தரையிலிருந்து கிளம்பி நான் பார்த்ததே இல்லை. வருஷக்கணக்கில் இந்த இடத்தில் ரயில் நின்றிருக்கிறது. நான் உள்ளே சீட்டாடிக்கொண்டு ரயிலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே தக்காளித் தோட்டம். அதற்கப்பால் நீலகிரி மரங்கள். அதற்குப் பின்னால் தரையோடு ஒட்டிச் சிவப்பாக, ஒரு பக்கம் சுத்தியலால் தட்டி நசுங்கின மாதிரி, பெரிதாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உலையிலிருந்து எடுத்த இரும்பை நான் தினமும் பார்க்கிறேன். சிவப்பு குறைந்தால் இரும்பு இருண்டுபோகும். இது சிவப்பு குறையக் குறைய வெளிச்சமானது. தோட்டத்தில் நட்டிருந்த குச்சிகளுக்கு நிழல் வந்தது. தண்டவாளம் இரண்டும் தூரம் வரைக்கும் பளபளத்தன. எல்லோருடைய முகமும் தெரிந்தது. மொபைலில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அணைத்துவிட்டார்கள். ஒருவரும் அணைக்கச் சொல்லவில்லை.

"தேவரே" என்று யாரோ ஒரு கன்னடக்காரம்மா சொன்னார்.

ஷோபா பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி விட்டாள். மூன்று தரம். நான் தோளைப் பிடித்துக்கொள்ளப் போனேன். தள்ளிவிட்டாள். கண்ணை மூடி நின்றாள். நான் மூடவில்லை. எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. இருந்தாலும் அந்தச் சிவப்பைப் பார்த்தபடி, பொண்ணும் குழந்தையும் நல்லபடி இருக்கட்டும், பொய் சொன்னது நான், அவள் இல்லை என்று மனசுக்குள் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

போன் அடித்தது. மமதா. சத்தமாகவே கேட்டது. "அம்மா, பாத்தியா? என் சாப்பாடு ரெடி. பிரதாப் தட்டுல போட்டு வெச்சினு கீறாரு."

ஷோபா நிலாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாத்துட்டேன் கண்ணு. நெசமா பாத்துட்டேன். நீ சாப்புடு."

அமலா பிஸ்கட்டைப் பிரித்து அவள் வாயிலேயே திணித்தாள். என்ஜின் ஹாரன் அடித்தது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி ஏறினோம். சீட்டுக்கு வந்த பிறகுதான் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"இது ஒண்ணாவது" என்றாள் மங்களம். அவளே கொஞ்சம் இறங்கித்தான் சொன்னாள். "சிரிச்சதுக்கு மன்னிச்சிக்கோ ஷோபா. ஆனா கணக்குன்னா கணக்கு. நடுவுல ஒண்ணு போச்சின்னா முதல்லேர்ந்துதான்."

"அவங்க பாத்ததா நம்பித்தான கும்ட்டாங்க?" என்றாள் அமலா. "மனசு சுத்தமா இருந்திச்சி. எங்க சாமியா இருந்தா ஏத்துக்குவாரு. உங்க சாமி அவ்ளோ கறாரா? இருபத்தொண்ணு முடிஞ்சிட்சி, போ."

எதிர் சீட்டில் கோரமண்டலில் இறங்குகிற ராஜப்பா என்ற பெரியவர் இருந்தார். கோயில் விவரம் தெரிந்தவர். அவர் வேறு சொன்னார். "அம்மா, இன்னிக்கி அங்காரக சங்கஷ்டி. இது ஒண்ணு இருந்தாலே இருபத்தொண்ணு இருந்த பலன்னு எங்க ஊட்ல சொல்லுவாங்க. நீ கவலைப்படறதே வேஸ்ட்டு."

"சொல்லுவாங்கதான?" என்றாள் ஷோபா. "எழுதி வெச்சிக்கிறாங்களா? எனுக்கு ஆறுதல் வேணா பெரியவரே. கணக்கு வேணும்."

சாம்பியன் ரீப்ஸில் இறங்கி வீடு வரைக்கும் எனக்கு இருபதடி முன்னாலேயே நடந்தாள். நிலா அப்போது மேட்டுக்கு மேலே, வழக்கம்போலச் சின்னதாக, வெள்ளையாக இருந்தது.

இது நடந்து ஆறு நாள் ஆகிறது. என்னோடு அவள் பேசுவது 'சாவி', 'சோறு', 'கொழாய மூடுங்க' மட்டும்தான். அதைத் தாங்கிக்கொள்வேன். என்னால் தாங்க முடியாதது வேறு. நேற்று காலண்டருக்கு முன்னால் நின்று, மறுபடியும் ஒன்றிலிருந்து இருபத்தொன்று என்றால் எந்த மாதம் முடியும் என்று விரல் விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்றே முக்கால் வருஷம், அந்தச் சர்க்கரையோடு. அது கூடப் பரவாயில்லை. மமதாவுக்கு டாக்டர் கொடுத்த தேதி பிப்ரவரி பதினாறு. அதற்குள் விரதம் முடியாதே என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை. ராத்திரி எழுந்து மமதாவுக்குப் போன் போட்டு, குழந்தை உதைக்கிறதா என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணும் பயந்துவிட்டது. எல்லாம் என் ஒரு தோசையால்.

கோயிலில் கேட்கச் சொல்வீர்கள். கேட்டேன். ஒரு பூசாரி ஒன்றிலிருந்துதான் என்றார். இன்னொருவர் அதெல்லாம் மனசைப் பொறுத்தது என்றார். மனசைப் பொறுத்தது என்று அவளிடம் போய்ச் சொன்னால் என்னைத்தான் அடிப்பாள். ஸ்டார் நிலா கணக்கில் வராது, போன செவ்வாய் பார்த்ததை இருபதாவதாக வைத்துக்கொண்டு, வருகிற சங்கஷ்டியோடு முடிக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை. வருகிறது பிப்ரவரி ஐந்து. குழந்தைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆனால் அது நானாகப் போட்ட கணக்கு. என் கணக்கை அவள் இனி நம்ப மாட்டாள், அதில் தப்பும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் இருபத்தொரு சங்கஷ்டி இருந்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது இருந்திருந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள். நடுவில் ஒன்று இப்படித் தவறினபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றிலிருந்து ஆரம்பித்தீர்களா, தவறினதை மட்டும் திரும்ப இருந்தீர்களா, முடிந்தது என்று விட்டுவிட்டீர்களா? உங்கள் பெயர், ஊரோடு எழுதுங்கள். ஷோபா படிப்பாள். எனக்கு ஆறுதல் சொல்லி எழுத வேண்டாம். பிப்ரவரி ஐந்துக்கு முன்னால் எழுதுங்கள்.